திருவிழா முடிந்தபின் மிஞ்சிய 43 பேனர்கள்: வினைல் உண்மையில் மறுசுழற்சி ஆகுமா?

கேள்வி: 19 மே 2024

அண்ணா, எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா முடிந்து, கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனர்களை எல்லாம் இறக்கிக் கோயில் மண்டபத்தின் பின்புறம் போட்டிருக்கிறோம். எண்ணிப் பார்த்தால் 43 இருக்கின்றன. எரித்துவிடலாம் என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். வினைல் என்று சொல்லப்படும் பிவிசி முழுவதும் மறுசுழற்சி ஆகக்கூடிய பொருள், எனவே பழைய இரும்புக் கடையில் போட்டால் குழாயாகத் திரும்பி வந்துவிடும் என்று குழாய் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். நீங்கள் ஃப்ளெக்ஸ் அச்சுக்கடை நடத்தியவர் என்பதால் கேட்கிறேன். அவர் சொல்வது சரியா?

பதில்: 20 மே 2024

தம்பி, உங்கள் நண்பர் குழாயைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரி, ஆனால் பேனரைப் பற்றிச் சொல்வது தவறு. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது.

2008 முதல் 2019 வரை 11 ஆண்டுகள் ஃப்ளெக்ஸ் அச்சடித்தவன் நான். அந்தச் சுருளின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மேலே ஒரு வினைல் படலம், கீழே ஒரு வினைல் படலம், நடுவில் பாலியஸ்டர் நூலால் ஆன வலை. காற்றில் கிழியாமல் தாங்குவது அந்த வலைதான். வினைலும் வெறும் வினைல் அல்ல. அதை வளையச் செய்வதற்கு எண்ணெய் போன்ற மென்மையூட்டி, விலையைக் குறைப்பதற்குச் சுண்ணாம்புத் தூள், வெண்மைக்கு ஒரு நிறமி, வெயில் தாங்குவதற்கு ஒரு நிலைப்படுத்தி ஆகியவை அதில் கலந்திருக்கின்றன. அதற்கு மேல் நாங்கள் அடித்த கரைப்பான் மை இருக்கிறது.

குழாயில் வலை கிடையாது, மென்மையூட்டியும் கிடையாது. அதனால்தான் குழாய்த் துண்டை அரைத்து உருக்கி மறுபடியும் பொருளாக்க முடிகிறது. பேனர் விஷயத்தில் அரைக்கும் கட்டத்திலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. அதைப் பிறகு எழுதுகிறேன். அதுவரை தயவுசெய்து எரிக்க விடாதீர்கள்.

20 மே 2024, இரவு

எவ்வளவு பொருள் கிடக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக்கு எட்டு அடி பேனர் என்றால் 80 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 7.4 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 280 கிராம் எடையுள்ள சுருளில் அடித்திருந்தால் ஒரு பேனர் 2 கிலோவுக்குச் சற்று மேலே வரும். எல்லாம் அதே அளவு என்று வைத்துக்கொண்டால் 43 பேனர்களுக்கு ஏறத்தாழ 90 கிலோ. மூன்று நாள் திருவிழாவுக்கு ஒரு சிற்றூரில் மட்டும் இவ்வளவு. கடை நடத்திய காலத்தில் சதுர அடிக்கு என்ன விலை என்று ஆயிரம் முறை கணக்குப் போட்ட நான், இந்த எடைக் கணக்கை ஒருமுறைகூடப் போட்டதில்லை.

24 மே 2024

எரித்தால் என்ன ஆகும், எல்லாப் பிளாஸ்டிக்கும்தான் புகைகிறது என்று உங்கள் ஊர்ப் பெரியவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

பாலித்தீன் பையில் இருப்பது கரியும் ஹைட்ரஜனும்தான். தூய வினைலின் எடையிலோ ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின். உப்பிலிருந்து மின்சாரத்தால் பிரித்தெடுக்கப்பட்ட அந்தக் குளோரினைச் சூடு விடுவிக்கும்போது, அது ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவாக வெளியேறுகிறது. ஒரு கிலோ தூய வினைல் முழுவதும் சிதைந்தால் 580 கிராம் அளவுக்கு அந்த வாயு வரும். ஒரு பேனரின் எடையில் பாதி வினைல் என்று கொண்டாலும், உங்கள் மண்டபத்தின் பின்னால் கிடப்பதில் 25 கிலோவுக்கு மேல் அமில வாயு அடங்கியிருக்கிறது. கண் எரிச்சலும் தொண்டைக் கமறலும் அதனால்தான். திறந்தவெளியில் குறைந்த சூட்டில் புகைந்து எரியும்போது டையாக்சின்கள் என்ற நச்சுப் பொருள்களும் உருவாகின்றன. புகை கலைந்துவிடும். டையாக்சின் மண்ணிலும் புல்லிலும் படிந்து, மாட்டின் கொழுப்பில் சேர்ந்து, பாலின் வழியாக வீட்டுக்குத் திரும்பி வரும்.

அவர் நம்பவில்லை என்றால் பள்ளி ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். செப்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, பேனர் துண்டில் ஒரு நொடி தொட்டு, மறுபடியும் சுடரில் பிடித்தால் சுடர் பச்சையாக மாறும். குளோரின் இருப்பதற்கான அடையாளம் அது. பால் பாக்கெட்டில் தொட்டுப் பிடித்தால் பச்சை வராது. சன்னலைத் திறந்துவைத்து, மிகச் சிறிய துண்டை வைத்துச் செய்தால் போதும்.

26 மே 2024

முந்தைய குறிப்பில் ஒரு திருத்தம். வேதியியல் ஆசிரியர் ஒருவர் சுட்டிக்காட்டினார்: பேனரில் கலந்திருக்கும் சுண்ணாம்புத் தூள் அமிலத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே முழுக் கணக்கும் காற்றில் வந்து சேராது. அவர் சொல்வது சரி. 25 கிலோ என்பதை உச்ச அளவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டையாக்சின் பற்றி எழுதியதில் மாற்றமில்லை.

2 ஜூன் 2024

அரைப்பதைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

கடையில் தினமும் ஓரத்துண்டுகள் விழும். 2016இல் நான்கு மூட்டை சேர்ந்தபோது பழைய இரும்புக் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் ஒரு துண்டைக் கையால் கிழித்தார், நூல் தெரிந்தது, மூட்டையைத் திரும்பத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டார். "இது துணியும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை, எனக்கு வேண்டாம்" என்றார். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று நினைத்துப் பார்த்தால், நான் படித்த எந்த விளக்கத்தையும்விட அந்த ஒரு வரியில் விஷயம் முழுமையாக இருந்தது.

விடாமல் ஈரோட்டுப் பக்கம் வினைல் செருப்பின் அடிப்பகுதி வார்க்கும் பட்டறை ஒன்றுக்குப் போனேன். பழைய செருப்பு, தோட்டத்து ஹோஸ், உரித்த மின்கம்பி உறை போன்ற மென்மையான வினைல் கழிவுகளை அவர்கள் வாங்குவது எனக்குத் தெரியும். உரிமையாளர் நல்ல மனிதர், முயன்று பார்ப்போம் என்றார். அரைக்கும் எந்திரத்தில் பத்து கிலோ போட்டதும் பாலியஸ்டர் நூல் கத்திகளைச் சுற்றிக்கொண்டது, எந்திரத்தை நிறுத்திக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. அரைபட்ட கொஞ்சமும் குருணையாக விழாமல் பஞ்சுபோலச் சுருண்டு கிடந்தது. அதை உருக்கும் எந்திரத்தில் போட்டபோதுதான் உண்மையான தடை தெரிந்தது. வினைலை ஏறக்குறைய 160 முதல் 200 டிகிரி வரையிலான சூட்டில் உருக்குகிறார்கள். பாலியஸ்டர் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும். வினைல் உருகும் சூட்டில் நூல் நூலாகவே இருந்து சல்லடையை அடைக்கிறது. நூல் உருகும் அளவுக்குச் சூட்டை ஏற்றினால் வினைல் கருகி அமிலம் விடுகிறது. ஒன்றுக்கு ஏற்ற சூடு மற்றொன்றுக்குப் பகையாக இருக்கும் இரண்டு பொருள்களைப் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிட்டு, அதற்கு மேல் நான் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த உரிமையாளர் எந்திரம் நின்ற நேரத்துக்குக் காசு வாங்கவில்லை. மூட்டைகளை மட்டும் திரும்ப எடுத்துப் போகச் சொன்னார்.

3 ஜூன் 2024

பேனரைத் துண்டுதுண்டாக வெட்டித் தண்ணீர் பாட்டில் மூட்டையில் கலந்து போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி, அது பாட்டிலையும் கெடுக்கும். இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் இரண்டும் தண்ணீரில் மூழ்கும், ஆகவே மிதக்கவிட்டுப் பிரிக்க இயலாது. பாட்டில் உருகும் சூட்டில் வினைல் கருகிக் கரும்புள்ளிகளாகும், அதிலிருந்து வரும் அமிலம் பாட்டில் பிளாஸ்டிக்கின் வலிமையைக் குறைக்கும். மிகச் சிறிதளவு கலந்தாலே ஒரு சுமை வீணாகிவிடும். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்றும் வினைல் பொருளில் 3 என்றும் போடுவதன் பயனே இந்த இரண்டும் சேராமல் பார்த்துக்கொள்வதுதான்.

9 ஜூன் 2024

நூலையும் வினைலையும் பிரிக்கவே முடியாதா என்று நானும் பல நாள் தேடினேன். முடியும் என்று நிரூபித்த ஆலை ஒன்று இருந்தது. இத்தாலியின் ஃபெராரா நகரில் சால்வே நிறுவனம் வினைலூப் என்ற பெயரில் 2002இல் தொடங்கியது அது. உருக்காமல் கரைப்பதே அதன் வழி. கழிவை ஒரு கரைப்பானில் இட்டால் வினைல் மட்டும் கரையும், பாலியஸ்டர் கரையாமல் நிற்கும். வடிகட்டி நூலைத் தனியே எடுத்துவிட்டு, நீராவியைச் செலுத்தினால் கரைப்பான் ஆவியாகிப் போய் வினைல் தூளாகப் படியும், கரைப்பானையும் குளிர்வித்து மீண்டும் பயன்படுத்திக்கொள்வார்கள். தார்ப்பாய், கூடாரத் துணி, மின்கம்பி உறை என்று நம் ஊரில் யாரும் தொடாதவற்றையெல்லாம் அந்த ஆலை ஏற்றுக்கொண்டது.

2018இல் அதை மூடிவிட்டார்கள். செய்முறை தோற்றதால் அல்ல. கரைத்தெடுத்த வினைலோடு பழைய மென்மையூட்டிகளும் சேர்ந்தே வந்தன. அவற்றில் டிஇஹெச்பி என்ற தாலேட் வகைப் பொருள் இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது என்பதால், ஐரோப்பாவில் தனி அனுமதி இன்றி அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2015இல் நடப்புக்கு வந்துவிட்டது. மென்மையூட்டியைப் பிரித்தெடுக்க அந்தச் செய்முறையில் வழி இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு யாரோ கலந்த ஒரு பொருள், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நல்ல ஆலையை நிறுத்திவிட்டது.

11 ஜூன் 2024

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது, 2ஆம் தேதிக் குறிப்பில் நான் நூலின் மீது மட்டும் பழியைப் போட்டிருப்பது தெரிகிறது. அது அரை உண்மை. நூல் இல்லாத வினைலிலும் இதே கதை உண்டு என்பதைக் கோவைப் பக்கம் குழாய் ஆலையில் பொறியாளராக இருக்கும் நண்பர் விளக்கினார்.

வினைல் குழாய் வார்க்கும்போது கருகாமல் இருக்க நிலைப்படுத்தி சேர்க்க வேண்டும். பல பத்தாண்டுகளாக அதற்குப் பயன்பட்டது ஈயம். இந்தியாவில் குடிநீர்க் குழாய்களில் ஈய நிலைப்படுத்தியை விலக்குவதற்கான விதிகள் 2021இல்தான் வெளியாயின. அதற்கு முன் மண்ணுக்குள் போன குழாய்களில் ஈயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். அவை ஒருநாள் தோண்டி எடுக்கப்படும்போது, அரைத்து உருக்குவது எளிது, ஆனால் அதிலிருந்து எதைச் செய்யலாம் என்பதுதான் கேள்வி. குடிநீர்க் குழாய்க்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 4985, அதே தரநிலைக் குழாய்களை வார்க்கும்போது அந்த ஆலையிலேயே மிஞ்சும் சுத்தமான துண்டுகளை 10 விழுக்காடு வரை கலக்க அனுமதிக்கிறது, வெளியிலிருந்து வரும் பழைய வினைலுக்கு அங்கே இடமில்லை. ஆகவே உங்கள் நண்பர் நினைப்பதுபோலப் பழைய குழாய் மீண்டும் குடிநீர்க் குழாயாக வருவதில்லை. மின்கம்பி செல்லும் மலிவான குழாய், பந்தல் அலங்காரப் பட்டை, செருப்பு அடிப்பகுதி என்று ஒரு படி கீழே இறங்கித்தான் வருகிறது. இது குறை அல்ல, அந்த விதி நம் பிள்ளைகள் குடிக்கும் நீரைக் காக்கிறது.

ஐரோப்பாவில் சன்னல் சட்டங்களுக்கு இதற்கு ஒரு நேர்த்தியான விடை கண்டிருக்கிறார்கள். அங்கே பல வீடுகளின் சன்னல்கள் வினைல் சட்டங்கள்தான். பழைய சட்டங்களை அரைத்துப் புதிய சட்டத்தின் உள்ளே வைத்து, வெளியே கை படும் இடம் முழுவதும் புதிய வினைலைப் போர்த்திவிடுகிறார்கள். வினைல்பிளஸ் என்ற தொழில்துறைத் திட்டத்தின்கீழ் ஓர் ஆண்டில் மறுசுழற்சி செய்யப்பட்ட வினைல் 2021இல் 8 லட்சம் டன்னைத் தாண்டியது, அதில் சன்னல் சட்டங்களின் பங்குதான் பெரியது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் வினைலில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோதும், இப்படிப் பழைய கடின வினைலிலிருந்து வரும் ஈயத்துக்கு 2033 வரை வரம்போடு கூடிய விலக்கு அளித்தது. நஞ்சைத் திரும்பப் புழக்கத்துக்கு விடுகிறீர்களே என்று எதிர்த்தவர்கள் அங்கே உண்டு. குழிக்குள் கொட்டினால் மட்டும் நஞ்சு மறைந்துவிடுமா என்று கேட்டவர்களும் உண்டு. நான் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்தேன். 50 ஆண்டு அசையாமல் நிற்கும் சன்னலுக்குள் பூட்டி வைப்பது தகும் என்று இப்போது நினைக்கிறேன். செருப்பிலும் விளையாட்டுப் பொருளிலும் அதைக் கலப்பது தகாது.

23 ஜூன் 2024

மாட்டுக் கொட்டகைக்கும் சோளக் குவியலுக்கும் மூடக் கேட்டு ஊர்க்காரர்கள் பேனர்களை எடுத்துப் போகிறார்கள், கொடுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன்.

கொடுக்கலாம், 90 கிலோவுக்கு இப்போது இருக்கும் வழிகளில் நல்லது அதுதான். ஆனால் என் சொந்தக் கொட்டகையில் பார்த்ததைச் சொல்கிறேன். விற்காமல் தங்கிய ஒரு பெரிய பேனரைக் கூரைக்கு மேல் விரித்துக் கட்டினேன். முதல் கோடை தாங்கியது. இரண்டாம் கோடையில் மென்மையூட்டி வெளியேறி வினைல் விறைத்தது, மடிந்த இடங்களில் வெடித்தது, பிறகு காற்றடிக்கும்போதெல்லாம் வெள்ளைச் செதில்கள் தொட்டியிலும் தீவனத்திலும் விழுந்தன. கடைசியில் வலை மட்டும் கூரையில் நின்றது. ஆகவே நேரடி வெயில் படாமல், ஓலைக்கு அடியில் விரித்தால் நெடுநாள் உழைக்கும். செதில் உதிரத் தொடங்கிய அன்றே இறக்கிவிட வேண்டும்.

உணவுப் பொருள் மட்டும் அதன் மேல் படவே கூடாது. எங்கள் தெருவில் பேனரை விரித்து மோர் மிளகாயும் வடகமும் காயவைக்கிறார்கள். மென்மையூட்டி எண்ணெயிலும் கொழுப்பிலும் எளிதாகக் கரையும் பொருள், வெயிலில் சூடேறிய வினைலின் மேல் மோரில் ஊறிய மிளகாயைப் பரப்புவது அதை இழுத்து எடுப்பதற்குச் சமம். பழைய வேட்டி போதும் என்று வீடுவீடாகச் சொல்லுங்கள்.

24 ஜூன் 2024

சிமெண்ட் ஆலைக்கு அனுப்பலாமே என்று கேட்டவருக்கு: அரியலூர்ப் பக்கத்து ஆலைகளின் சூளைகளுக்கு மறுசுழற்சி ஆகாத பிளாஸ்டிக்கை உள்ளாட்சிகள் எரிபொருளாக அனுப்புவது உண்மை. அந்தச் சூட்டில் டையாக்சின் தங்காது. ஆனால் குளோரின் சூளைக்குப் பகை. அது சோடியம், பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாகிச் சூளையின் மேற்பகுதியில் படிந்து வழியை அடைக்கிறது. எனவே எரிபொருளில் குளோரின் குறைவாக இருக்க வேண்டும் என்று பார்த்துத்தான் எடுப்பார்கள், வெறும் ஃப்ளெக்ஸாக ஒரு வண்டி அனுப்பினால் திரும்பி வரும். மற்றக் கழிவோடு சிறிதளவு கலந்து போவதே அங்கே அதற்குள்ள வழி.

7 ஜூலை 2024

சட்டம் தடுக்கவில்லையா என்று கேட்டீர்கள். 2022 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் மத்திய அரசின் தடைப்பட்டியலில் 100 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக், பிவிசி பேனர்கள் உண்டு. படித்ததும் மகிழ்ந்தேன், பிறகு கணக்குப் போட்டேன். நாங்கள் அடித்த மெல்லிய ஃப்ளெக்ஸின் எடையை வைத்துப் பார்த்தாலும் அதன் தடிமன் 150 மைக்ரானுக்குக் கீழே வராது. 100 மைக்ரான் வரம்பு வழக்கமான திருவிழா பேனரைத் தொடவே இல்லை. மெல்லியது குப்பையாகிறது, தடித்தது உழைக்கும் என்ற எண்ணம் பைக்குப் பொருந்தும். மூன்று நாளில் இறக்கும் பேனருக்குத் தடிமனைக் கூட்டினால் கழிவின் எடைதான் கூடும்.

கேரள அரசு 2019இல் பிவிசி ஃப்ளெக்ஸைத் தடை செய்தது. துணிக்கு மாறுவதே சரி என்று நானும் பலரிடம் சொல்லிவந்தேன். அதிலும் ஒரு திருத்தம் தேவை. அச்சுக்கடையில் துணி பேனர் என்று கொடுப்பது பல இடங்களில் பூச்சு ஏற்றிய பாலியஸ்டர். குளோரின் இல்லாததால் ஃப்ளெக்ஸைவிட மேல், ஆனால் மட்கும் என்று நம்பிக் குப்பைமேட்டில் போடக் கூடாது. பருத்தியாலான காடாத் துணி வேண்டும் என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள், ஒரு நூலை உருவிச் சுடரில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கட்டியாகும்.

நான் கடையை மூடியது இந்தக் கணக்குகளால் அல்ல. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் ஒருவர் லாரியில் சிக்கி இறந்தார். அந்தச் செய்தியைப் பார்த்த இரவுக்குப் பிறகு எந்திரத்தை ஓட்ட மனம் வரவில்லை. எடையையும் குளோரினையும் நான் படித்தது அதற்குப் பின்புதான், முன்பே படித்திருக்க வேண்டும்.

21 ஜூலை 2024

தம்பி ஒவ்வொன்றாக எடைபோட்டு எழுதியிருப்பதற்கு நன்றி. பத்துக்கு எட்டு அடி பேனர் 1.7 கிலோதான் இருக்கிறது என்கிறார். அப்படியானால் சதுர மீட்டருக்கு 230 கிராம். மே 20ஆம் தேதி நான் எழுதிய 280 கிராம் என்பது சுருளின் உறையில் எழுதியிருக்கும் எண். நான் வாங்கிய சுருள்களும் சொன்ன எடைக்குக் குறைவாகவே இருந்தன, அதை மறந்து கணக்குப் போட்டுவிட்டேன். 90 கிலோ என்பதை 73 கிலோ என்று திருத்திக்கொள்ளவும். அமில வாயுக் கணக்கையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

4 ஆகஸ்ட் 2024

அடுத்த ஆண்டு பேனரே வேண்டாம் என்றால் விழாக் குழுவில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், குறைந்தது நுழைவாயிலில் ஒன்றாவது வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று என்றால் நல்லதே, அதைப் பத்து ஆண்டு பயன்படுத்தும்படி வடிவமைப்போம். நான் அச்சடித்த விழா பேனர்கள் அடுத்த ஆண்டு பயன்படாமல் போனதற்குக் காரணம் கிழிசல் அல்ல, அவற்றில் இருந்த தேதியும் நன்கொடையாளர் படமும்தான். அம்மன் படமும் ஊர்ப் பெயரும் விழாவின் பெயரும் மட்டும் இருக்கட்டும். அடியில் ஒன்றரை அடி உயரம் வெறுமையாக விடச் சொல்லுங்கள். ஆண்டும் நாளும் நன்கொடையாளர் பெயரும் காடாத் துணியில் எழுதி அந்த இடத்தில் கட்டிக்கொள்ளலாம். உங்கள் ஊரில் முன்பு சுவர் எழுதிய ஓவியர் இன்னும் இருக்கிறார் என்றீர்களே, அந்தத் துணிப்பட்டையை அவரிடமே கொடுங்கள்.

விழா முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். மடிக்காமல், அச்சு வெளிப்பக்கம் வரும்படி ஒரு பழைய குழாயின் மேல் சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் மை நசுங்கி வெடிக்கும். அதற்கு நான்கு அங்குலக் குழாய் போதும், நீளம் பேனரின் உயரத்தைவிட அரையடி கூடுதலாக இருக்கட்டும்.